இரண்டு மணி ரீடிங்

அக்காவும் நானும் ஒரே வீட்டில் வாழ்வோம் என்று நாங்கள் இருவருமே நினைத்ததில்லை. அவர் என் கணவருடைய அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திருவண்ணாமலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். கணவர் இருந்தவரை எங்களுக்குள் பெரிய பழக்கம் கிடையாது. பொங்கலுக்கு வந்தால் அவர் எனக்கு ஒரு புடவை கொடுப்பார், நான் அவருக்கு ஒன்று கொடுப்பேன். இரண்டும் அவரவர் பீரோவில் கட்டப்படாமலே கிடக்கும்.

அக்காவைப் பார்க்கத் தனியாக வந்திருந்தபோதுதான் கணவர் இறந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறார். அக்கா வேலை பார்க்கும் இடத்திலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சென்னையில் எனக்கு போன் வந்து, நான் கார் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அக்கா யூனிபார்மோடு வாசலில் நின்றிருந்தார். "நான் பக்கத்துலயேதான் இருந்தேன். கஷ்டப்படல," என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்த வாரத்தைக் கடந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் பெட்டியை மூடியபோது, "அங்க போயி தனியா என்னா பண்ணப்போற? கொஞ்ச நாள் இங்க இரு," என்றார். எங்களுக்குக் குழந்தையும் இல்லை. அலுவலகத்தில் கேட்டேன், வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னார்கள். ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன். இது மூன்றாவது வருடம்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்பக்கம் புதிதாக வந்த மனைகளில் ஒன்று அக்காவின் வீடு. இரண்டு அறை, ஒரு கூடம். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் என் லேப்டாப், மறுபாதியில் சாப்பாடு. முதல் வருடம் நாங்கள் பேசிய பேச்சையெல்லாம் சேர்த்தால் ஒரு நாள் பேச்சுக்கு வராது. பால் வந்துச்சா, மோட்டார் போட்டாச்சா, சாப்பிட்டியா. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு மனிதர். அவரைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

நான் செய்யும் வேலை என்ன என்று அக்கா முதன்முதலாகக் கேட்டது இரண்டாவது வருடக் கோடையில். சுவரெல்லாம் அனல் விட்டுக்கொண்டிருந்த ஒரு நாள். சென்னைக்கு வெளியே ஒரு பெரிய கட்டடம், அதில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ராப்பகலாக ஓடுகின்றன, அவை சூடாகாமல் பார்த்துக்கொள்ள எவ்வளவு கரண்டு செலவாகும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என் வேலை என்றேன்.

"ஏசி போடுவாங்க. அதுக்கு என்னா கணக்கு?"

இப்போது ஏசி போதவில்லை என்று சொன்னேன். புதிதாக வரும் கம்ப்யூட்டர்கள் கக்குகிற சூட்டுக்குக் காற்று ஈடுகொடுக்காது. அதனால் ஒவ்வொன்றின் மூளைமேலும் ஒரு செப்புத் தகட்டை வைத்து, அதற்குள் மெல்லிய குழாய்களில் தண்ணீரை ஓடவிடுகிறார்கள். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும். அந்தச் சூட்டை இன்னொரு தண்ணீர் வாங்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகும். அங்கே ஒரு கோபுரம் மாதிரி பெட்டியில் அதைத் தூறலாக விழவிட்டு, பெரிய ஃபேன் வைத்து ஆற்றிக் கீழே அனுப்புவார்கள். அதுவும் போதாத நாட்களில் சில்லர் என்கிற பெரிய குளிர்விக்கும் இயந்திரம் ஓடும். கரண்டைக் குடிப்பது அதுதான். அதை எத்தனை மணி நேரம் ஓட்டாமல் இருக்கலாம் என்பதுதான் கேள்வி. உள்ளே அனுப்பும் தண்ணீரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாகவே அனுப்பினால் சில்லர் பல நாட்கள் தூங்கலாம்.

அக்கா நம்பவில்லை. "சூடான தண்ணிய உட்டு எப்படிம்மா சூட்டக் கொறைப்பீங்க?"

"காய்ச்சல் ஜாஸ்தியானா நீங்க ஐஸ் தண்ணியிலயா தொடைக்கறீங்க?" என்று கேட்டேன்.

"வெதுவெதுன்னு இருக்கிறதுலதான்," என்று சொல்லிவிட்டு, சொன்னது புரிந்து, லேசாகச் சிரித்தார். எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் அதுதான் முதல் சிரிப்பு. அதற்குப் பிறகு டூட்டி முடிந்து வரும்போது, "உன் காய்ச்சக்காரங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

மாடல் என்று நாங்கள் சொல்வது வேறொன்றுமில்லை. ஒரு வருடத்துக்கு எட்டாயிரத்து எழுநூற்று அறுபது மணி நேரம். ஒவ்வொரு மணிக்கும் வெளியே எவ்வளவு வெயில், காற்றில் எவ்வளவு ஈரம், உள்ளே கம்ப்யூட்டர்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று கொடுத்தால், எந்தக் குழாயில் தண்ணீர் எத்தனை டிகிரியில் இருக்கும், பம்பும் ஃபேனும் சில்லரும் எவ்வளவு கரண்டு எடுக்கும் என்று கணினி சொல்லும். சொன்னது சரியா என்று நிஜக் கட்டடத்தில் அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் என் பேச்சை யாராவது கேட்பார்கள்.

அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு கூடத்தை மட்டும் சோதனைக்காகத் தண்ணீர் முறைக்கு மாற்றியிருந்தார்கள். அளக்கும் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் வேலை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அதனால், கம்ப்யூட்டர்களிலிருந்து சூடாகித் திரும்பி வரும் குழாயில் தண்ணீரின் வெப்பத்தை மணிக்கொரு தடவை கையால் குறித்து அனுப்பும்படி நான் எழுதிக் கேட்டிருந்தேன். ஷிஃப்டில் இருக்கும் டெக்னீஷியன் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புவார். நான் அதைப் பார்த்து டைப் செய்துகொள்வேன்.

காலை ஷிஃப்டில் என் கோடும் அவர்கள் அளந்த கோடும் ஒட்டிக்கொண்டு போயின. மத்தியான ஷிஃப்டில்தான் தகராறு. இரண்டு மணிக்கு மேல் வெயிலும் வேலையும் சேர்ந்து தண்ணீர் சூடேற வேண்டும், இருட்டிய பிறகு இறங்க வேண்டும் என்றது என் மாடல். அளந்த கணக்கிலோ அது ஆணியடித்த மாதிரி ஒரே இடத்தில் நின்றது. கால் டிகிரி ஏறும், கால் டிகிரி இறங்கும், அவ்வளவுதான். இரண்டு வாரம் தேடினேன். என் தப்பு எங்கே என்று கிடைக்கவில்லை. அலுவலகத்தில் எனக்கு மேல் இருந்தவர், அளந்ததுதான் நிஜம், மாடலை அதற்கு ஏற்ற மாதிரி திருத்து, அடுத்த வாரம் கட்டடக்காரர்களிடம் காட்ட வேண்டும் என்றார்.

திருத்தினேன். அதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. ஒரு கோடு அசையாமல் நிற்க வேண்டுமென்றால் நிறையத் தண்ணீர் இருக்க வேண்டும். குளம் சட்டென்று சூடாகாது இல்லையா. அதனால் என் மாடலில் குழாயோடு ஒரு தொட்டியைச் சேர்த்தேன். கோடு கொஞ்சம் படுத்தது. தொட்டியைப் பெரிதாக்கினேன். இன்னும் படுத்தது. கடைசியில் இரண்டு கோடும் ஒன்றாகப் போனபோது, அந்தத் தொட்டி அந்தக் கூடத்துக்குள்ளேயே அடங்காத அளவுக்குப் பெரிதாகியிருந்தது. அப்படி ஒரு தொட்டி அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சேமித்து வைத்துவிட்டு எழுந்து டீ போடப் போனேன்.

அன்று அக்காவுக்குக் காலை டூட்டி. மூன்று மணிக்கு வந்து, குளித்து, கொஞ்சம் படுத்து எழுந்து, வேர்க்கடலை வேகவைத்து ஒரு தட்டில் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். திரையில் தாள்களின் படங்கள் திறந்திருந்தன. இடது பக்கம் காலை ஷிஃப்ட், வலது பக்கம் மத்தியான ஷிஃப்ட். கடலையை உரித்துக்கொண்டே குனிந்து பார்த்தவர், உரிப்பதை நிறுத்தினார்.

"இது ரெண்டும் வேற வேற ஆளா?"

ஆமாம் என்றேன்.

"இந்தக் காலைல ஆளு மணிக்கு மணி எழுதியிருக்காரு. அந்த மத்தியான ஆளு ஒரே மூச்சுல உக்காந்து எழுதியிருக்காரு."

எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் விரலை வைத்துக் காட்டினார். காலைத் தாளில் நடுவில் பேனா மாறியிருந்தது. ஓர் எண் அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. ஓரிடத்தில் ஈரக்கை பட்டு மை கலைந்திருந்தது. எண்கள் மேலும் கீழுமாக உட்கார்ந்திருந்தன. மத்தியானத் தாளில் முதல் வரியைத் தவிர மற்றதெல்லாம் ஒரே சாய்வு, ஒரே அழுத்தம், கயிறு பிடித்து நாற்று நட்ட மாதிரி. இரண்டு வாரமாக நான் பார்த்த தாள்கள்தான். எண்ணை மட்டும் பார்த்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை.

"இருபத்தஞ்சு வருஷமா சார்ட் எழுதுறேன், எனக்குத் தெரியாதா? ஒடம்பு சூடு மணிக்கணக்கா இப்படி அசையாம நிக்கவே நிக்காதும்மா. செத்தவங்களுக்குக்கூட..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கடலைத் தோல் மட்டும் மேசைமேல் கிடந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம். இரண்டு வாரம் என் தூக்கத்தைக் கெடுத்தவர் யாரோ ஒருவர், பார்க்காமலே எழுதி அனுப்பியிருக்கிறார். எனக்கு மேலே இருப்பவருக்கு மெயில் எழுத ஆரம்பித்தேன். ஷிஃப்ட், தேதி, தாளின் கீழே இருந்த கையெழுத்து, எல்லாம் போட்டு. அனுப்புவதற்குள் அக்கா திரும்ப வந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்த ஆள மாட்டி உட்டுடாத," என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"நானும் எழுதியிருக்கேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தம்பியைச் சேர்த்த அன்று அவருக்கு மத்தியான டூட்டி. மேல்மாடியில் பெண்கள் வார்டு. கூட இருக்க வேண்டிய நர்ஸ் லீவு. பன்னிரண்டு பேருக்கு அவர் ஒருவர்தான். கீழே ஐ.சி.யூ.வில் தம்பி. வார்டை விட்டு வரக்கூடாது. வராமலும் இருக்க முடியவில்லை. படியில் இறங்குவார், கண்ணாடிக் கதவு வழியாகப் பார்ப்பார், மேலே ஓடுவார். இப்படியே நாலு மணி நேரம். ஆறு மணிக்கு முன்னால் நர்ஸ் மேசையில் உட்கார்ந்து பன்னிரண்டு சார்ட்டையும் எடுத்து, யாரையும் தொடாமல், காய்ச்சலும் பி.பி.யும் எழுதினார். எழுதி முடித்துக் கீழே வந்தபோது உள்ளேயிருந்து டாக்டர் வெளியே வந்துகொண்டிருந்தார்.

"ஜன்னல் பக்கத்துல ஒரு கெழவிக்கு அன்னைக்கு நூத்தி மூணு. நான் தொண்ணூத்தி ஒம்போதுன்னு எழுதி வெச்சிருந்தேன். அடுத்த டூட்டிக்கு வந்த பொண்ணு தொட்டுப் பாத்துட்டுப் பதறிட்டா. ஒண்ணும் ஆவல. நல்லாயி, வீட்டுக்குப் போறப்ப எனக்குக் கொய்யாப்பழம் கொண்டாந்து குடுத்துட்டுப் போச்சு."

 பிறகுதான் அதைச் சொன்னார்.

"உங்கிட்ட பக்கத்துலயே இருந்தேன்னு சொன்னேன்ல. இல்லம்மா. அவன் பக்கத்துலயும் இல்ல, அந்த பன்னெண்டு பேரு பக்கத்துலயும் இல்ல. ரெண்டு எடத்துலயும் இல்லாம போயிட்டேன்."

இரண்டு வருடமாக நான் பிடித்துக்கொண்டிருந்த வாக்கியம் அது. அது இல்லை என்று ஆனபோது எனக்கு ஏதோ உடையும் என்று நினைத்தேன். உடையவில்லை. படியில் இறங்குவதும் ஏறுவதுமாக ஒருத்தி நாலு மணி நேரம் ஓடியதுதான் கண்ணில் வந்தது. நான் அந்த நேரம் செங்கல்பட்டு டோல்கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். எழுந்துபோய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் வயிற்றில் முகத்தை வைத்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். காரியம் நடந்த அத்தனை நாளும் வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்த மனுஷி அவர்.

மெயிலை அழித்துவிட்டேன். அன்று இருவரும் சீக்கிரமே படுத்துவிட்டோம்.

மறுநாள் காலை, மத்தியானத் தாளின் படம் வரும் எண்ணுக்கு நானே போன் செய்தேன். அந்த டெக்னீஷியனோடு அதுவரை நான் பேசியதே இல்லை. ஐம்பது வயதுக் குரல். நான் யார் என்று சொன்னதும், "சொல்லுங்க மேடம்," என்று எழுந்து நிற்பது மாதிரி ஒரு சத்தம். எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தப்பு கண்டுபிடிக்கக் கூப்பிடவில்லை, யாரிடமும் சொல்லப்போவதும் இல்லை, மத்தியான ரீடிங் மட்டும் எப்படி எடுக்கிறீர்கள் என்று தெரிந்தால் எனக்கு உதவியாக இருக்கும் என்றேன்.  

அந்தக் கருவி கூரைக்குக் கீழே போகும் குழாயில் இருக்கிறது, ஏணி வைத்து ஏறித்தான் பார்க்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். மூன்று மாதம் முன்னால் பைக்கில் விழுந்து முழங்காலில் அடி. கான்ட்ராக்ட் வேலை. ஏணி ஏற முடியாது என்று சொன்னால் ஏறுகிற ஆளை வைத்துக்கொள்வார்கள். அதனால் ஒருவரிடமும் சொல்லவில்லை.

"ஆனா ரெண்டு மணி ரீடிங் மட்டும் சத்தியமா பாத்து எழுதினதுங்க மேடம். வந்த ஒடனே ஒரு தடவ ஏறிடுவேன். எறங்குறதுக்குள்ள உசுரு போயிடும். ஒண்ணாவது நெஜமா இருக்கட்டும்னுதான்."

நான் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பெரிய தொட்டியை மாடலிலிருந்து எடுத்தேன். பிறகு மத்தியானத் தாள்களிலிருந்து ஒவ்வொரு நாளின் முதல் வரியை மட்டும் எடுத்து, என் பழைய கோட்டின்மேல் புள்ளி புள்ளியாக வைத்தேன். அத்தனை புள்ளியும் கோட்டின்மேல் வந்து உட்கார்ந்தன. வலிக்கிற காலோடு ஒரு மனிதர் ஏணியில் ஏறி எடுத்துக் கொடுத்த புள்ளிகள். நான் கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. வேங்கிக்காலில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, படத்தில் ஒரு குழாய்மேல் ஒரு புள்ளி வைத்து, இங்கே மணிக்கொரு தடவை அளக்கவும் என்று எழுதியவள் நான். என் படத்தில் ஏணி கிடையாது. அதில் ஒருவர் ஏறி இறங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கட்டடத்துக்குள் நான் ஒருநாள்கூடக் கால் வைத்ததில்லை.

போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அக்காவிடம் சொன்னபோது, "கால்ல ஷூ போட்டுட்டுப் போ. ஏணி ஏறணும்ல," என்றார். விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

உள்ளே என்னை அழைத்துப் போனவர் அந்த டெக்னீஷியன்தான். ஒல்லியான ஆள், காதில் சத்தம் தடுக்கும் பஞ்சு, நடக்கும்போது இடது காலை லேசாக இழுத்தார். யாராவது எதிரே வந்தால் இழுக்காமல் நடந்தார். ஏணியில் பதினொரு படி. கையை உயர்த்தி ஒரு குழாயை வளைத்துப் பிடித்து, கழுத்தைத் திருப்பினால்தான் கருவியின் முகம் தெரியும். நல்ல காலோடு ஏறிய எனக்கே எண்ணைப் படிக்க இரண்டு தடவை எட்ட வேண்டியிருந்தது. பம்புகளின் இரைச்சலில் பேச்சு காதில் விழாது. நான் மேலிருந்து எண்ணைக் கத்துவேன், அவர் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுவார். இரண்டு மணிக்கு ஏறினேன். மூன்றுக்கு ஏறினேன். நாலுக்கு. ஐந்துக்கு. ஒவ்வொரு தடவையும் எண் கூடியிருந்தது. ஐந்து மணி எண்ணை எழுதிவிட்டு அவர் தாளை நிமிர்த்தி என்னிடம் காட்டினார்.

"ஏறுது மேடம்," என்றார். இத்தனை நாளும் அந்த எண் மத்தியானத்தில் என்ன செய்யும் என்று அவருக்கும் தெரியாமலே இருந்திருக்கிறது. நாலு எண்களும் நான் வரைந்த கோட்டின் பக்கத்திலேயே வந்தன. 

ஊருக்குத் திரும்பியதும் எனக்கு மேலே இருப்பவரிடம் பேசினேன். மத்தியான ரீடிங்குகளில் இரண்டு மணி நீங்கலாக எதையும் நம்ப வேண்டாம், அளக்க முடியாத இடத்தில் அளக்கச் சொன்னது என் தப்பு, கருவியின் முகத்தை ஒயர் போட்டுக் கீழே, கண்ணுக்கு நேராகக் கொண்டுவர வேண்டும், அதுவரை அறிக்கை தர மாட்டேன் என்றேன். தொட்டி வைத்ததையும் சொன்னேன். அவர், அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். யார் எழுதினார்கள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பத்து நாளில் கருவி கீழே வந்தது. அதற்கு அடுத்த மாதம் முழுக்க மத்தியானத் தாள்களில் பேனா மாறியது, எண்கள் மேலும் கீழுமாக உட்கார்ந்தன, ஓரிடத்தில் டீ கறைகூட இருந்தது. ஒவ்வொன்றையும் அக்காவிடம் காட்டினேன். "இப்பதான் எழுதுறாரு," என்பார்.

தண்ணீரை வெதுவெதுப்பாகவே அனுப்பலாம் என்ற என் அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். பயந்து பயந்து, ஒவ்வொரு டிகிரியாக ஏற்றினார்கள். கம்ப்யூட்டர் ஒன்றும் முணுமுணுக்கவில்லை. மார்கழியில் அந்தக் கூடத்துக்கான சில்லரை நாள் முழுக்க நிறுத்தி வைத்ததாகச் செய்தி வந்தது.

தை பிறந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை டெக்னீஷியன் போன் செய்தார். மனைவியோடு கோயிலுக்கு வந்திருக்கிறாராம். பௌர்ணமிக் கூட்டத்தில் இந்தக் காலோடு முடியாது என்று சாதாரண நாளாகப் பார்த்து வந்தார்களாம். சுவாமி பார்த்தாயிற்று, மலையை ஆட்டோவிலேயே சுற்றியாயிற்று. சும்மா சொல்லிவிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டேன் என்றார். அக்காவுக்கு அன்று லீவு. போனை என் கையிலிருந்து வாங்கி, "மத்தியானம் சாப்பிடாம எங்கயும் போகக்கூடாது. ஆட்டோக்காரர்கிட்ட குடுங்க, நான் வழி சொல்றேன்," என்றார்.

அவர் மனைவி அதிகம் பேசாதவர். சாம்பார் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அக்காவிடம் இரண்டு தடவை சொன்னார். சாப்பிட்டு முடித்ததும் அக்கா அந்த மனிதரை நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றச் சொல்லி, எதிரே தரையில் உட்கார்ந்து காலை மடக்கியும் நீட்டியும் பார்த்தார். அவர் கூச்சத்தில் நெளிந்தார். ஸ்கேன் எடுத்தீர்களா, எந்த டாக்டர், என்ன பயிற்சி கொடுத்தார் என்று அக்கா கேட்கக் கேட்க, அவர் மனைவியைப் பார்த்தார். எதையும் செய்துகொள்ளவில்லை என்று மனைவிதான் சொன்னார்.

அக்கா திட்டவில்லை. அவரைத் தரையில் காலை நீட்டி உட்காரச் சொல்லி, ஒரு துண்டை உருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, அதை அமுக்கி, பத்து எண்ணி, விடச் சொன்னார். காலையில் இருபது தடவை, சாயங்காலம் இருபது தடவை. மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்து எண்ணச் சொன்னார். ஊருக்குப் போய் எந்த மாதிரி டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு நாங்களும் கூடப் போனோம். சென்னை பஸ் புறப்பட நேரம் இருந்தது. அவர் மனைவியும் நானும் பூ வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது, அக்காவும் அவரும் பஸ்ஸின் படிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அக்கா சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது.

"அந்தத் தாளப் பாத்து கண்டுபுடிச்சது நான்தாங்க. நானும் ஒரு நாளு அப்படி எழுதினவதான். அதனாலதான் தெரிஞ்சுது."

 எப்போது, எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கொஞ்சம் தலையைக் குனிந்து நின்றார். பிறகு, "அதுக்கப்பறம் எழுதலல்ல?" என்றார்.

"இல்ல."

"நானும் எழுதலங்க," என்றார்.

மனைவி கையைக் கொடுக்க, கைப்பிடியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்து ஏறினார். பஸ் திரும்பி வெளியே போகும்வரை நாங்கள் நின்றோம்.

திரும்பும்போது ஸ்கூட்டியை நான் ஓட்டினேன், அக்கா பின்னால் உட்கார்ந்திருந்தார். வேங்கிக்கால் பக்கம் திரும்பும் இடத்தில் கீழ்பென்னாத்தூர் போகும் டவுன் பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அக்காவும் என் கணவரும் பிறந்து வளர்ந்த ஊர் அது. அக்கா என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "இந்த பஸ்லதான் அவன் காலேஜுக்குப் போயிட்டு வருவான்," என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் வரும்போது சீட்டில் தூங்கிப் போய்விடுவானாம். ஊர் தாண்டி எங்கேயோ போய் முழித்துக்கொண்டு, ஏழெட்டு கிலோமீட்டர் நடந்தே திரும்பி வருவானாம். கண்டக்டர் பாவப்பட்டு, இவன் ஏறினாலே தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வாராம். ஒருநாள் கண்டக்டரும் சேர்ந்து தூங்கிவிட்டாராம்.

எனக்குச் சிரிப்பு வந்து வண்டி லேசாக ஆடியது. "ஓரமா நிறுத்து, சொல்லி முடிச்சிடறேன்," என்றார். நிறுத்தினேன். ஒரு கடையின் நிழலில் வண்டியில் உட்கார்ந்தபடியே அவர் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் எந்தப் பாடத்தில் தோற்றார், யாரிடம் அடி வாங்கினார், என்னைப் பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் எந்தச் சட்டை போடுவது என்று தெரியாமல் எத்தனை தடவை கழற்றி மாட்டினார் என்று எனக்குத் தெரியாத எவ்வளவோ இருந்தன. கடைக்காரர் இரண்டு தடவை எங்களைப் பார்த்துவிட்டு, மூன்றாவது தடவை, ஏதாவது வேணுமாங்க என்று கேட்டார். அக்கா இரண்டு டீ சொன்னார்.